உச்சி ஏன் குளிர்கிறது?

“போட்டியில் முதல் பரிசு கிடைத்ததும் நான் நிலாவுக்கு மேலே இருந்தேன்.”

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டு டியூஷனுக்கு வரும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதிய வரி இது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, “நிலாவுக்கு மேலே போய் என்னம்மா செய்தாய்?” என்று கேட்டேன். “சந்தோஷமா இருந்தேன் டீச்சர்,” என்றாள். ஆங்கில வகுப்பில் படித்த ‘ஓவர் தி மூன்’ அப்படியே தமிழுக்குள் இறங்கியிருக்கிறது. “தமிழில் இதை உச்சி குளிர்ந்தது என்று சொல்லலாம்,” என்றேன். அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். “தலையில ஏர்கோன் வச்ச மாதிரியா?”

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான். சந்தோஷத்துக்கும் தலை குளிர்வதற்கும் என்ன தொடர்பு? அன்று அந்தப் பேச்சிலேயே அரை மணி நேரம் போனது, கணக்குப் பாடம் நின்றுபோனது. அவளிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரபுத்தொடர் என்றால் என்ன என்பது. சொற்களைத் தனித்தனியாக எடுத்தால் ஒரு பொருள், சேர்ந்து நிற்கும்போது வேறு பொருள். அந்த வேறு பொருள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘கம்பி நீட்டினான்’ என்றால் யாரும் கம்பியைத் தேடுவதில்லை. ஆள் ஓடிவிட்டான் என்று புரிந்துகொள்கிறோம். 

ஒரு தொடர் மரபுத்தொடரா இல்லையா என்று பார்க்க எளிய வழி உண்டு: சொல்லை மாற்றிப் பாருங்கள். ‘உச்சி குளிர்ந்தது’ என்பதை ‘மண்டை ஜில்லிட்டது’ என்று மாற்றினால், கேட்பவர் பனடோல் எடுத்துக்கொண்டு வருவார். ‘அவனுக்கு வாயெல்லாம் பல்’ என்பது சந்தோஷம். ‘அவன் வாய் முழுவதும் பற்கள் உள்ளன’ என்பது பல் மருத்துவர் எழுதும் குறிப்பு. பொருள் ஏறக்குறைய அதேதான், ஆனால் உயிர் போய்விட்டது. சொல்லை மாற்றியதும் செத்துப்போகிறதென்றால் அது மரபுத்தொடர்.

பள்ளியில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்ற பகுதியில் இதன் உறவுக்காரர்களையும் சேர்த்துத்தான் படிக்கிறோம். ‘போல’ என்ற வாலோடு வருவது உவமைத்தொடர். ‘கலகல’ என்று இரட்டித்தே வருவது இரட்டைக்கிளவி. அதைப் பிரித்து ‘கல’ என்று மட்டும் சொன்னால் சிரிப்பு வராது. பிரித்தால் பொருள் நிற்காது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ‘ஆடல் பாடல்’ போல ஜோடியாக வருவது இணைமொழி. தேர்வுக்கு இந்த வேறுபாடு வேண்டும். நமக்கு இங்கே அவ்வளவு வேண்டாம்.

நிலாவும் மேகமும்

மாணவியின் நிலாவை முதலில் பார்த்துவிடலாம். பசு நிலாவைத் தாண்டிக் குதிக்கும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்துதான் இந்தத் தொடர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 1718-இல் வந்த ஓர் ஆங்கில நாடகத்திலேயே ‘சந்தோஷத்தில் நிலாவைத் தாண்டிக் குதிப்பேன்’ என்ற பொருளில் ஒரு வசனம் இருக்கிறது. தாங்க முடியாத மகிழ்ச்சியில் மனிதன் குதிப்பான். எவ்வளவு உயரம் என்று கேட்டால் வானத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய பொருளைக் காட்டுவான். இதற்கு மேல் கதை தேவையில்லை. 1970-களில் இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்றுநர்கள் ஆட்டம் முடிந்ததும் மைக்கைப் பார்த்து இதையே சொல்லிச் சொல்லி, தொடர் தேய்ந்து, கேலிக்கும் ஆளாகிவிட்டது.

இன்னொன்று ‘கிளவுட் நைன்’, அதாவது ஒன்பதாம் மேகம். இதற்கு இணையத்தில் சுற்றும் கதை மிக அழகானது. 1896-இல் வெளிவந்த அனைத்துலக மேகப் படத்தொகுப்பு மேகங்களைப் பத்து வகையாகப் பிரித்தது. அதில் ஒன்பதாவது, இடிமழையைக் கொண்டுவரும் உயர்ந்த கருமேகம். அதன் உச்சியில் உட்கார்ந்தவன் உலகத்துக்கே மேலே உட்கார்ந்தவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இடிக்கும் இடம் எது என்றால், அமெரிக்காவில் முன்பு ஏழாம் மேகம் என்றும் எட்டாம் மேகம் என்றும்கூடச் சொல்லியிருக்கிறார்கள். 1930-களின் கொச்சைச் சொல் அகராதி ஒன்றில் எட்டாம் மேகத்துக்கு என்ன பொருள் தெரியுமா? குடித்து மயங்கிக் கிடப்பது. மேகப் பட்டியல்தான் மூலம் என்றால் எண் முதலிலிருந்தே ஒன்பதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சுமத்ரா பக்கமிருந்து அந்தக் கருமேகம் ஏறி வருவதை குர்னி கடற்கரையில் நின்று பார்த்த எந்தப் பினாங்குக்காரரும் அதன்மேல் உட்கார ஆசைப்பட மாட்டார். துணி எடுக்கத்தான் ஓடுவார்.

ஆங்கிலத்தில் சொல்லும் இன்னொரு தொடரான ஏழாம் வானம் மட்டும் உறுதியான வேர் உள்ளது. யூத மரபிலும் இஸ்லாமிய மரபிலும் வானம் ஏழு அடுக்கு. நபிகள் வானேறிய மிஃராஜ் இரவைப் பற்றிப் பள்ளிவாசலில் சொற்பொழிவு கேட்ட தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஏழு வானங்கள் புதிதல்ல. மலாய்க்காரர்களும் பெரும் மகிழ்ச்சியை ‘லாங்ஙிட் கெத்துஜூ’, ஏழாம் வானம் என்பார்கள். உச்ச அடுக்கில் இருப்பவனுக்கு அதற்கு மேல் ஆசைப்பட ஒன்றுமில்லை.

நிலா, மேகம், வானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மகிழ்ச்சி என்றால் மேலே போவது. தமிழிலும் மேலே போவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் பழைய தொடர்களில் மகிழ்ச்சி வேறொரு வழியில் வருகிறது. அது உடம்புக்குள் இறங்குகிறது, குளிர்ச்சியாக.

குளிர்

பட்டியல் போடச் சொன்னால் எந்தத் தமிழ்ப் பாட்டியும் மூச்சு விடாமல் சொல்வார். மனம் குளிர்ந்தது. கண் குளிரப் பார்த்தேன். காது குளிரக் கேட்டேன். பெற்ற வயிறு குளிர்ந்தது. உச்சி குளிர்ந்தது. தலையிலிருந்து வயிறு வரை உடம்பின் வரைபடமே இருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே வினை.

இதன் மறுபக்கத்தைப் பார்த்தால்தான் இது தற்செயல் இல்லை என்று புரியும். துன்பமும் பொறாமையும் தமிழில் எப்போதும் சூடு. வயிறு எரிகிறது. மனம் வெந்துபோகிறது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள், வயசுப் பெண்ணின் தாய். அடுத்த வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் நமக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சல் ஆறுவதுதான் மகிழ்ச்சி. ‘ஆறுதல்’ என்ற சொல்லும் சூடு தணிவதுதானே. தே தாரேக் தேநீர் ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே வினைதான்.

தமிழ் நிலத்தில் கத்திரி வெயிலில் நடந்து, மரத்தடியில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் தமிழில் நல்லது எல்லாமே குளிர்ச்சியின் பக்கம் நிற்கிறது. அருளுக்குத் ‘தண்ணளி’ என்று பெயர். தண் என்றால் குளிர்ந்த. அரசனின் பெருமை அவன் வெண்கொற்றக் குடை தரும் நிழலில். பெரியவர்களிடம் ‘உங்கள் நிழலில் வாழ்கிறோம்’ என்கிறோம். தமிழையே ‘தண்டமிழ்’ என்றார்கள் புலவர்கள். பனி பெய்யும் நாட்டில் இதெல்லாம் தலைகீழ். அங்கே நல்ல மனம் என்றால் வெதுவெதுப்பான மனம், வரவேற்பும் வெதுவெதுப்பானது. அதை அப்படியே மொழிபெயர்த்து ‘வெதுவெதுப்பான வரவேற்பு’ என்று அழைப்பிதழில் போடுகிறார்கள் சிலர். சாப்பாடு ஆறிப்போய்விட்டதோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

உச்சிக்கு மட்டும் தனிச் சலுகை ஏன்? சூடு தலைக்கு ஏறும் என்பது நம் வீடுகளில் இன்றும் மாறாத நம்பிக்கை. குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைப்பது, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது எல்லாம் அதற்காகத்தான். பிள்ளையைக் கொஞ்சினாலும் உச்சி முகர்கிறோம். உச்சியில் ஊற்றியது உடம்பெல்லாம் இறங்கும். ஆகவே உச்சி குளிர்ந்தால் ஆள் முழுவதும் குளிர்ந்த கணக்கு.

இதை வகுப்பில் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தைப்பூசத்தன்று பினாங்குத் தெருவில் காட்டிவிடலாம். பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, வழி நெடுக நின்று நின்று தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். தெருவே இளநீர் வாசனையில் கிடக்கும். மறுநாள் பால்குடம் ஏந்தியவர்கள் வெறுங்காலில் தார்ச்சாலையில் வருகிறார்கள். பத்து மணிக்கே தார் சுட ஆரம்பித்துவிடும். ஓரத்தில் நிற்பவர்கள் குவளையில் தண்ணீர் மொண்டு அவர்கள் காலில் ஊற்றுகிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோரும் ரோஸ் சிரப்பும். பிறகு மலைக்கோவிலுக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். மேலே, சுமந்து வந்த பால் முருகனின் உச்சியில் ஊற்றப்பட்டு வழிந்து இறங்குவதைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கால் கொப்புளித்திருக்கும். ஆனாலும் “மனசு குளிர்ந்துருச்சும்மா” என்பார். அந்த இடத்தில் அது மரபுத்தொடரா, நேர்ப்பொருளா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

‘வயிற்றில் பால் வார்த்தாய்’ என்ற தொடரும் இந்தக் குடும்பம்தான். ஆனால் இது வெறும் சந்தோஷம் இல்லை. பயந்துகொண்டிருந்தவனுக்கு நல்ல செய்தி வந்தால்தான் இதைச் சொல்லலாம். எரிந்துகொண்டிருந்த வயிறு இருந்தால்தானே பால் வார்ப்பதற்கு வேலை? மருத்துவமனையிலிருந்து மகன் ஃபோன் போட்டு ‘ஒன்றுமில்லையாம், வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்’ என்று சொன்னால், அது பால் வார்த்த செய்தி. பிறந்தநாள் பரிசுக்கு இதைப் போடக் கூடாது.

இங்கே ஒரு கிளைக்கதை. என் அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். தோட்டத்தில் பால் என்றால் முதலில் ரப்பர் பால், அப்புறம்தான் மாட்டுப் பால். சின்ன வயதில் ‘வயிற்றில் பால் வார்த்தாய்’ என்று யாரோ சொல்லக் கேட்டு, வாளியிலிருந்த ரப்பர் பாலைத்தான் நினைத்துப் பயந்தாராம். அந்தப் பாலுக்கும் குளிர்ச்சிக்கும்கூட உறவு உண்டு. விடியுமுன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, சீவ வேண்டிய மர வரிசையான நிரைக்கு ஓடுவதற்குக் காரணம் அதுதான். இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், சீவியதும் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி அழுத்தம் இறங்கிவிடும், பாலும் சுருங்கிவிடும். குளிர்ந்தால் பால், பால் இருந்தால் சம்பளம், சம்பளம் வந்தால் மனம் குளிரும்.

நம்மைச் சுற்றியிருப்பவர்களின் மொழியையும் கேட்க வேண்டும். நல்ல பிள்ளையைப் பார்த்து மலாயில் ‘செஜூக் பெரூட் ஈபு மெங்ஙண்டுங்’ என்பார்கள். சுமந்த தாயின் வயிறு குளிர்ந்தது என்று அர்த்தம். நம் ‘பெற்ற வயிறு குளிர்ந்தது’ அப்படியே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில், பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் இது தானாகவே தோன்றக்கூடியது. இதே தாயைத்தான் வள்ளுவர் 69-ஆம் குறளில் காட்டுகிறார்: ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்.’ பெற்றபோது அடைந்ததைவிடப் பெரிய மகிழ்ச்சி, ஊர் தன் மகனைச் சான்றோன் என்று சொல்லக் கேட்கும்போது. கவனியுங்கள், அவள் பார்க்கவில்லை, கேட்கிறாள். காது குளிர்கிறது.

மகிழ்ச்சிக்குள் இருக்கும் கள்

‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை இன்று வாழ்த்து அட்டையில் போடுகிறோம். பழைய தமிழில் ‘மகிழ்’ என்பதற்கு இன்பம் என்ற பொருளோடு கள், கள் தரும் மயக்கம் என்ற பொருள்களும் உண்டு. 1090-ஆம் குறளில் வள்ளுவர், கள் உண்டவருக்குத்தான் மகிழ் தரும், காதல் கண்டவுடனே தரும் என்கிறார். அங்கே ‘மகிழ்’ என்ற சொல்லில் போதை நன்றாகவே நுரைக்கிறது. எட்டாம் மேகத்தில் குடித்துக் கிடந்த அமெரிக்கனை மறந்துவிட வேண்டாம். இரண்டு மொழிக்காரர்களும் எல்லை மீறிய சந்தோஷத்தைக் குடித்தவனின் முகத்தில்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் சம்பள நாள் மாலையைப் பார்த்த எங்கள் அம்மா தலைமுறைக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அந்த மகிழ்ச்சிக்கு வீட்டில் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

‘தலைகால் புரியவில்லை’ என்ற தொடரை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். எது தலை, எது கால் என்று தெரியாத நிலை. மாணவர்கள் இதை ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்று மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ‘தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்ற அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை’ என்றால் சரி, பிழையில்லை. ஆனால் ‘பணம் வந்ததும் தலைகால் புரியாமல் ஆடுகிறான்’ என்றால் அது திட்டு. தொடரின் உள்ளே ஒரு புருவம் உயர்ந்தே இருக்கிறது. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ‘தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை’ என்று ஒரு பையன் எழுதி, நான் அவசரமாக அடித்ததும் உண்டு.

அந்தப் புருவம் எங்கிருந்து வந்தது என்றால், திருக்குறளின் பொச்சாவாமை அதிகாரத்தைப் பார்க்கலாம். ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’, குறள் 531. அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, பெரும் உவகையின் மயக்கத்தில் வரும் மறதி. உவகை, மகிழ்ச்சி என்று இரண்டு சொல்லையும் ஒரே அடியில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு? உவகை மனநிறைவு, மகிழ்ச்சி அதனால் தலைக்கேறும் கிறக்கம் என்று படித்தால் குறள் தெளிவாகிறது.

உவகை என்ற சொல் இன்னும் பழையது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகையில் தொடங்கி உவகையில் முடிக்கிறார். அந்த உவகை எதனால் பிறக்கும் என்பதற்கு ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே’ என்று நான்கு காரணம் தருகிறார்: செல்வம், அறிவு, காதலர் கூடல், விளையாட்டு. விளையாட்டைச் சேர்த்தாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சீனர்களிடமும் வாழ்வின் நான்கு மகிழ்ச்சிகள் என்று ஒரு பழம்பாட்டு இருக்கிறது. நெடுங்காலம் வறண்ட நிலத்தில் இனிய மழை. தூர தேசத்தில் பழைய நண்பனைச் சந்திப்பது. திருமண இரவின் மெழுகுவத்தி வெளிச்சம். தேர்வுப் பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பது. பக்கத்து வீட்டு அங்கிள் இதைச் சொன்னபோது நான் தொல்காப்பியரோடு பொருத்திப் பார்த்தேன். திருமணம் புணர்வோடு பொருந்துகிறது, தேர்வு அறிவோடு பொருந்துகிறது. அவர்கள் பட்டியலில் விளையாட்டு இல்லை, நம் பட்டியலில் மழை இல்லை. ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகளான எங்கள் இருவருக்கும் இரண்டாவது மகிழ்ச்சிதான் உடனே பிடித்துப்போனது.

காலும் தோலும்

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ‘கால் தரையில் பாவவில்லை’ என்றால் துள்ளல். நம் கதைகளில் கால் தரையில் படாதவர்கள் தேவர்கள். நளவெண்பாவில், நளனைப் போலவே வேடமிட்ட தேவர்களின் நடுவே உண்மையான நளனைத் தமயந்தி எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? அவன் கண் இமைக்கிறது, கால் மண்ணில் படுகிறது, மாலை வாடுகிறது. இந்தக் கதையிலிருந்துதான் தொடர் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. துள்ளிக் குதிப்பவனின் காலைப் பார்த்தாலே போதும். ஆனால் ஒரு நொடி மனிதனாக இல்லாமல் போகும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டால் தொடர் மறக்காது.

‘பூரித்துப் போனாள்’ என்பது துள்ளல் இல்லை, உள்ளே நிறைந்து பொங்குவது. எண்ணெயில் போட்ட பூரி மெல்ல உப்புவதை நினைத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கல்யாணப் பெண்ணுக்கும் பேரனைத் தூக்கிய தாத்தாவுக்கும் பூரிப்பு பொருந்தும். கோல் போட்டவனுக்குப் பொருந்தாது, அவனுக்கு நேரமில்லை.

‘புளகாங்கிதம்’ மாணவர்கள் எழுதப் பயப்படும் சொல். வடமொழிச் சொல்தான்: புளகம் என்றால் மயிர்சிலிர்ப்பு, அங்கிதம் என்றால் அடையாளம் பதிந்தது. நல்ல தமிழில் மெய்சிலிர்ப்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் உள்ள சின்னஞ்சிறு தசை இறுகினால் மயிர் நிமிர்கிறது. அந்தத் தசை இறுகுவது பயத்திலும் பேரின்பத்திலும், அப்புறம் குளிரிலும்தான். குளிரும் மகிழ்ச்சியும் ஒன்று என்று தமிழ் சொன்னதற்குத் தோலே சாட்சி சொல்கிறது.

உவமைத்தொடர்களில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘வாடிய பயிருக்கு மழை பெய்தது போல’, ‘மழை கண்ட மயில் போல’ என்று புத்தகம் சொல்கிறது. பினாங்குப் பிள்ளைக்கு மழை என்றால் பள்ளி பஸ் தாமதம். தோட்டத்திலோ அது இன்னும் மோசம். மரப்பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டில் ஓடி மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு வராது, பட்டையில் பரவி வீணாகும். அன்று வேலை இல்லை, பேர் இல்லை, கூலி இல்லை. காவிரிக் கரையில் பிறந்த உவமையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தோம். இங்கே மழைக்கு அர்த்தமே மாறிப்போனது. அதற்காக உவமையை விட்டுவிடச் சொல்லவில்லை. மழையை எதிர்பார்த்தவன் எவன், எதற்காக என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கற்பிக்கலாம்.

‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல’ என்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. பழம் விழுந்தால் பொதுவாக மண்ணில்தான் விழும். இது பாலில் விழுந்தது; உழைக்காமல் வந்த நல்லதற்கு மேல் இன்னொரு நல்லது. இதற்கு இணையாக மலாயில் இரண்டு மூன்று உண்டு. தூங்கி விழுந்தவனுக்குத் தலையணையை நீட்டினாற்போல என்பார்கள். கொடுப்பதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறேன் என்பதற்கு ‘உள்ளங்கை சிறியது, முறத்தை ஏந்துகிறேன்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ‘பூலான் ஜாத்தோ கெ ரீபா’, நிலா மடியில் விழுந்தது. பாருங்கள், மாணவியின் நிலா திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலேயன் நிலாவுக்கு மேலே குதிக்கிறான், மலாய்க்காரர் உட்கார்ந்த இடத்திலேயே நிலாவை மடியில் வாங்கிக்கொள்கிறார். மாண்டரினில் ‘சின் ஹுவா நூ ஃபாங்’ என்று, நெஞ்சுக்குள் பூ சீறிக்கொண்டு மலர்கிறது.

இங்கே பிள்ளைகள் வாயில் புழங்குவது ‘சியோக்’ (ரொம்ப ஜாலி) தான், அல்லது ‘நாலு நம்பர் அடிச்ச மாதிரி’, அதாவது லாட்டரி விழுந்த மாதிரி. இரண்டும் தேர்வுத்தாளில் ஏறாது. ஆனால் இரண்டாவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழும் சத்தம் கேட்கிறது.

கடைசியாக, அன்று அந்தப் பெண்ணிடம் நான் அவசரத்தில் சொன்னதில் ஒரு பிழை உண்டு. பரிசுக்கு உச்சி குளிராது. உச்சி பெரும்பாலும் சொல்லுக்குத்தான் குளிரும், புகழ்ச்சிக்கு. யாராவது நம்மைப் பாராட்டிப் பேசினால் குளிரும். காரியம் சாதிக்க ஐஸ் வைத்தாலும் குளிரும். கோப்பை கையில் வந்ததற்குக் கால்தான் பொருத்தம். மறுவாரம் இதைச் சொல்லி, திரும்ப எழுதச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள்:

“முதல் பரிசு என்று என் பெயரைக் கூப்பிட்டதும் என் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டியபோது உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் பாட்டிக்கு வாயெல்லாம் பல். பாட்டிக்கு நான்கு பல்தான் இருக்கிறது.”

கடைசி வாக்கியத்தின் கீழே கோடு போடப் பேனாவை எடுத்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன்.